சாளரத்துக்கு வெளியே: வானோடிகளின் படங்களும் தமிழின் சொற்களும்



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். மலாய்மொழியில் 'உலு' என்பது ஆற்றின் மேற்பகுதியைக் குறிக்கும். 'திராம்' என்பது சிப்பி. ஆற்றுவழியே படகில் வந்தவர்கள் தாம் கண்டதைக் கொண்டே இவ்விடத்துக்குப் பெயரிட்டிருக்க வேண்டும். அவர்களிடம் ஒளிப்படக் கருவி இல்லை. கண்ட காட்சியை ஒரு சொல்லில் பிடித்துவைத்தார்கள். சிப்பி மறைந்தாலும் சொல் நிற்கிறது. புதிய இடத்துக்குச் சென்றவர் தாம் கண்டதைத் தம் மொழியில் சொல்லிவைப்பது மனிதரின் பழைய வழக்கம்.

இன்று உலு திராமில் அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு வேறொரு போக்குவரத்து தெரிகிறது. மேற்கே செனாய் வானூர்தி நிலையம். தென்கிழக்கே, நீரிணைக்கு அப்பால், சாங்கி. இரவில் விளக்குகள் வரிசையாக இறங்குகின்றன. அவ்வூர்திகளை ஓட்டுபவர்களுள் தமிழரும் உண்டு. அவர்கள் மேலிருந்து காண்பவற்றைத் தமிழில் சொல்கிறார்களா என்பதே இன்றைய பொழிவின் கேள்வி.

இக்கேள்வி எனக்கு எழுந்த விதத்தைச் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயிலும் மாணவன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் என் வீட்டுக்கு வந்திருந்தான். அவனுடைய தாய்மாமன் சரக்கு வானூர்தியில் துணை விமானி. அவர் அனுப்பிய படங்களைக் கைப்பேசியில் எனக்குக் காட்டினான். ஒன்று, விடியற்பொழுதில் ஓட்டுநர் அறையிலிருந்து எடுத்தது: கீழே குவியல் குவியலாக வெண்முகில், மேலே கருநீலம், இரண்டுக்கும் நடுவே மெல்லிய செந்நிறக் கோடு. மற்றொன்றில், முகிற்பரப்பின்மேல் வானூர்தியின் நிழல் விழுந்திருந்தது. அந்நிழலைச் சுற்றி ஒரு வண்ண வளையம்.

"மாமாவுக்கு ரோக்கெட்னா உயிரு, ஐயா. ரோக்கெட் ஏவுறதப் பாக்கறதுக்குன்னே லீவு போட்டுட்டுப் போனாரு" என்றான். ஒவ்வொரு படத்தின் கீழும் அவர் ஆங்கிலத்தில் மூன்று நான்கு வரிகள் எழுதியிருந்தார். மாணவன் அவற்றைத் தடங்கலின்றிப் படித்தான். "இந்தப் படத்தில் இருப்பதைத் தமிழில் சொல், தம்பி" என்றேன். சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "மேகம், ஐயா. அப்புறம்... தெரியல."

மொழியியல் படித்தவன் செய்யக்கூடியதை உடனே செய்தேன். ஒரு தாளை எடுத்து, வானூர்தி, விண்கலம், முகில், அடிவானம் என்று பன்னிரண்டு சொற்களை எழுதிக் கொடுத்தேன். அவன் மரியாதையாக வாங்கி, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். படங்களைப் பற்றி அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. வரும்போது அவனிடம் இருந்த உற்சாகத்தை என் பட்டியல் அணைத்துவிட்டது. எங்கே தவறினேன் என்று சிந்திக்கத் தொடங்கியதன் விளைவே இப்பொழிவு.

முதலில், வானில் செல்வோருக்கும் ஒளிப்படத்துக்கும் உள்ள உறவைப் பார்ப்போம். அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவின் விமானியாக இருந்த ஜான் கிளென், 1962 பிப்ரவரி 20ஆம் நாள் புவியை மூன்று முறை சுற்றிவந்தார். அப்பயணத்தில் அவர் பயன்படுத்திய ஒளிப்படக் கருவிகளுள் ஒன்று, ஃபுளோரிடாவில் ஒரு மருந்துக்கடையில் அவரே வாங்கியது. விண்வெளி உடையின் தடித்த கையுறையோடு இயக்குவதற்கு ஏற்ப, அதில் ஒரு கைப்பிடியைப் பொருத்திக் கொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சென்ற வால்டர் ஷிர்ராவும் ஹியூஸ்டன் நகரக் கடையொன்றில் ஹாசல்பிளாட் கருவியை வாங்கிக்கொண்டே புறப்பட்டார். பெரும் பொருட்செலவில் அமைந்த திட்டங்களில், சுற்றுலா செல்பவரைப் போல விமானிகள் கடைக்குச் சென்று கருவி வாங்கியிருக்கிறார்கள். காண்பதைப் பிறருக்குக் காட்ட வேண்டும் என்னும் ஆவலே அதற்குக் காரணம்.

1968 டிசம்பர் 24ஆம் நாள் அப்பல்லோ 8 கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. நிலவின் விளிம்புக்கு மேலே புவி எழுவதைக் கண்ட வில்லியம் ஆண்டர்ஸ், அவசரமாக வண்ணப் படச்சுருளைக் கேட்டு வாங்கி அக்காட்சியைப் பதிவுசெய்தார். அன்றைய பணிநிரலில் அப்படம் இல்லை. நிலவின் தரையைப் படமெடுப்பதுதான் அவர்களுக்கு இட்ட பணி. இன்று அப்பயணத்தின் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது பணிநிரலில் இல்லாத அந்த ஒரு படமே. ஆண்டர்ஸ் வான்படை விமானி. பறப்பதில் அவருக்கிருந்த ஈடுபாடு இறுதிவரை குறையவில்லை. 2024 ஜூன் மாதம், தம் 90ஆம் வயதில், தாமே ஓட்டிய சிறு வானூர்தி விபத்துக்குள்ளாகி அவர் காலமானார்.

இன்னொரு படம் நமக்கு மிகவும் நெருக்கமானது. 1966 செப்டம்பரில் ஜெமினி 11 கலத்தில் சென்ற சார்ல்ஸ் கான்ராட், ரிச்சர்ட் கோர்டன் ஆகிய இருவரும் கடற்படை விமானிகள். அக்கலம் 1,369 கிலோமீட்டர் உயரம் வரை எழுந்தது. அதற்கு முன் எந்த மனிதரும் அவ்வளவு உயரம் சென்றதில்லை. அப்பயணத்தில் செப்டம்பர் 14ஆம் நாள் அவர்கள் எடுத்த படமொன்றில் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே சட்டத்துக்குள் தெரிகின்றன. இடப்பக்கம் அரபிக்கடல், வலப்பக்கம் வங்காள விரிகுடா, நடுவே கூம்பிச் செல்லும் நிலம், அதன் அருகே இலங்கைத் தீவு. தமிழகமும் ஈழமும் பாக்கு நீரிணையும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டதைப் போன்ற தோற்றம். நம் முன்னோர் பிறந்த மண்ணை முழுமையாகக் காட்டிய அப்படத்தை எடுத்தவர்கள், அம்மண்ணின் மொழியை அறியாதவர்கள். படம் உலகெங்கும் பரவியது. அதனோடு ஆங்கில விளக்கமும் பரவியது.

அப்படத்தைக் காணும்போதெல்லாம் என் கண் கிழக்குக் கரைக்குச் செல்லும். அக்கரையில் நாகப்பட்டினம் இருக்கிறது. அங்கிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தமிழரை ஏற்றிவந்த ரஜூலா கப்பலை இந்த அவையிலுள்ள மூத்தோர் அறிவர். 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நம்மில் பலரின் குடும்பக் கதை அதன் அடித்தளத்தில்தான் தொடங்குகிறது.

ஆயினும் ரஜூலாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே தமிழிலிருந்து ஒரு சொல் இக்கடலைக் கடந்துவிட்டது. 'கப்பல்' என்னும் அச்சொல் மலாயில் 'காப்பால்' என வழங்குகிறது. நீரில் செல்லும் கலத்துக்கு வந்த அச்சொல் அங்கேயே நின்றுவிடவில்லை. நீரில் மூழ்கிச் செல்வது 'காப்பால் செலாம்'. வானில் பறப்பது 'காப்பால் தெர்பாங்'. விண்வெளியில் செல்வது 'காப்பால் அங்காசா'. நம் பிள்ளைகள் தேசிய மொழிப் பாடத்தில் வானூர்தி என்று எழுதும்போதெல்லாம் ஒரு தமிழ்ச்சொல்லைத்தான் எழுதுகிறார்கள். அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோமா, ஆசிரியப் பெருமக்களே?

இதில் பெருமைக்கு இடமுண்டு, பாடத்துக்கும் இடமுண்டு. மலாய்மொழி கடன் வாங்கிய சொல்லைப் பெட்டியில் பூட்டிவைக்கவில்லை. புதிய பொருள் வந்தபோதெல்லாம் அச்சொல்லோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துத் துணிந்து ஆண்டது. 'அங்காசாவான்' என்னும் சொல்லும் அத்தகையதே. ஆகாயத்தைக் குறிக்கும் வடசொல் 'அங்காசா' ஆயிற்று. 'உடையவர்' என்னும் பொருள்தரும் வடமொழி ஈறு 'வான்' ஆயிற்று. 2007 அக்டோபர் 10ஆம் நாள் எலும்பியல் மருத்துவரான ஷேக் முஸாபர் ஷுகோர், கஸகஸ்தானின் பைக்கனூரிலிருந்து சோயுஸ் கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அந்நாள்களில் மலேசியாவில் சிறு பிள்ளைகளின் வாயிலும் அச்சொல்லே ஒலித்தது. நாட்டின் பெருமகிழ்ச்சியோடு இணைந்ததால் அது நிலைபெற்றது.

தமிழ் அவரை 'விண்வெளி வீரர்' என்றது. இச்சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தொடக்கக்காலத்தில் விண்வெளிக்குச் சென்றவர்களுள் பெரும்பாலோர் போர்விமானிகள். ஆகவே 'வீரர்' பொருந்தியது. இப்போது மருத்துவரும் ஆசிரியரும் நிலவியலாரும் செல்கிறார்கள். பெண்டிர் சென்றால் 'வீராங்கனை' என்று மாற்ற வேண்டியிருக்கிறது. 'வானோடி' என்னும் சொல் நம்மிடம் உண்டு. அதைப் போலவே 'விண்ணோடி' என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் மருத்துவருக்கும் ஒருங்கே பொருந்தும். நான்கு எழுத்துதான், சிறுவர் வாய்க்கும் எளிது. என் விருப்பத்தைக் கூறினேன், முடிவு வழங்குவோருடையது.

தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை என்பதற்கு 'வான்', 'விண்' ஆகிய இரண்டுமே சான்று. பழந்தமிழில் இவை ஏறக்குறைய ஒருபொருட் சொற்கள். இருபதாம் நூற்றாண்டில் இவை தமக்குள் வேலையைப் பகிர்ந்துகொண்டன. காற்று உள்ள பகுதியில் நிகழ்வனவற்றுக்கு 'வான்': வானூர்தி, வான்படை, வானிலை. அதற்கு அப்பால் நிகழ்வனவற்றுக்கு 'விண்': விண்வெளி, விண்கலம், விண்வெளி நிலையம். இவ்வாறு பிரித்துக்கொள்ளுங்கள் என்று எந்தக் குழுவும் ஆணையிடவில்லை. எழுதியவர்களும் மொழிபெயர்த்தவர்களும் தேவை கருதிப் பயன்படுத்த, வழக்கில் எல்லை தானே உருவாயிற்று. இயற்கையில் அவ்வளவு தெளிவான எல்லையும் இல்லை. காற்று மேலே செல்லச் செல்லப் படிப்படியாக மெலிகிறது. 100 கிலோமீட்டர் உயரத்தை விண்வெளியின் தொடக்கமாகக் கொள்வது மனிதர் தம் வசதிக்காக வகுத்த வழக்கமே.

'விமானம்' என்னும் சொல்லுக்கும் வரலாறு உண்டு. வடமொழியிலிருந்து வந்த அச்சொல் கோயிற் கருவறையின்மேல் எழும் கட்டடத்தையும் குறிக்கும், தேவர் ஊர்தியையும் குறிக்கும். பறக்கும் எந்திரம் வந்தபோது மக்கள் அப்பெயரையே அதற்கு இட்டனர். அதிலிருந்து 'விமானி' என்னும் சொல்லும் எளிதாகப் பிறந்தது. பின்னர் 'வானூர்தி' வந்தது. இரண்டையும் இப்பொழிவில் நான் ஆள்கிறேன். ஒன்றை வாழவைக்க மற்றொன்றைக் கொல்ல வேண்டியதில்லை. 'விண்கலம்' என்பதில் உள்ள 'கலம்' மரக்கலத்தை நினைவூட்டும். ஏவி மீட்கும் கலத்தை 'விண்வெளி ஓடம்' என்றோம். ஆங்கிலத்தில் விண்வெளிப் பயணியைக் குறிக்கும் சொல்லும் கிரேக்கத்தில் 'விண்மீன்களிடையே கலம் செலுத்துபவர்' என்றே பொருள்படும். வானூர்தியின் வேகத்தை இன்றும் கடல்மைல் கணக்கில்தான் அளக்கிறார்கள். கடலில் பழகிய மனிதகுலம் வானத்தையும் ஒரு கடலாகவே கண்டிருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். புறநானூற்றின் 27ஆம் பாடலில், சோழன் நலங்கிள்ளியைப் பாடும் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஓட்டுபவன் இல்லாத வான ஊர்தியைப் பற்றிக் கூறுகிறார். சீவக சிந்தாமணியில் விசயை மயில் வடிவான பொறியில் ஏறித் தப்புகிறாள். இவற்றைக் காட்டி, பண்டைத் தமிழர் வானூர்தி ஓட்டினர் என்று மேடையில் முழங்குவோர் உளர். முன்னது புகழொடு வாழ்ந்தோர் இறந்தபின் எய்தும் துறக்க ஊர்தி. பின்னது காப்பியக் கற்பனை. இவை பறத்தலை விரும்பிய மனத்துக்குச் சான்றுகள். எந்திரத்துக்குச் சான்றுகள் அல்ல. மாணவர்களே, இல்லாத பெருமையைச் சேர்த்தால் உள்ள பெருமையையும் பிறர் நம்ப மாட்டார்கள். 'வான ஊர்தி' என்னும் சொற்சேர்க்கை இரண்டாயிரம் ஆண்டு அளவில் பழமையுடையது என்னும் உண்மை ஒன்றே நமக்குப் போதும்.

அப்படியானால் எல்லாவற்றையும் தமிழிலேயே பேச வேண்டும் என்கிறேனா? இல்லை. 1977 மார்ச் 27ஆம் நாள் ஸ்பெயினுக்குரிய தெனெரீஃப் தீவில், பனிமூட்டத்தினிடையே இரண்டு போயிங் 747 ஊர்திகள் ஓடுபாதையில் மோதின. 583 பேர் மாண்டனர். காரணங்கள் பல, அவற்றுள் ஒன்று மொழி. புறப்பாட்டைப் பற்றி ஒரு விமானி ஆங்கிலத்தில் கூறிய தொடரை, 'புறப்படும் நிலையில் காத்திருக்கிறோம்' என்றும் கொள்ளலாம், 'புறப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறோம்' என்றும் கொள்ளலாம். கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒன்றாகக் கொண்டது, நடந்தது மற்றொன்று. அவ்விபத்துக்குப் பின், தரையை விட்டெழுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை, அதற்கான அனுமதியை வழங்கும்போதும் திரும்பப் பெறும்போதும் மட்டுமே கூற வேண்டும் என்ற நடைமுறை உறுதியாயிற்று. 2008 முதல் பன்னாட்டுப் போக்குவரத்தில் ஈடுபடும் விமானிகளுக்கு ஆங்கிலத் திறன் அளவுகோலும் நடப்புக்கு வந்தது. ஓட்டுநர் அறையில் ஒரு பொருளுக்கு ஒரு சொல், அதுவும் அனைவர்க்கும் பொதுவான சொல் வேண்டும். அங்கே ஆங்கிலம் இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. உயிர்காக்கும் ஒழுங்கு அது.

ஆனால் விமானி ஆணைகளை மட்டும் பேசுபவர் அல்லர். பணி முடிந்து இறங்கியபின் தாம் கண்டதைச் சொல்லும் மனிதரும் அவரே. இந்திய வான்படை விமானியான ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3ஆம் நாள் சோயுஸ் கலத்தில் புறப்பட்டு, சல்யூட் 7 நிலையத்தை அடைந்தார். கலத்தை இயக்குவதற்காக அவர் ரஷ்ய மொழியைக் கற்றிருந்தார். மேலிருந்து பார்க்க இந்தியா எவ்வாறு இருக்கிறது என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டபோது, ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அவருக்கு உதவவில்லை. பள்ளிப் பருவத்திலிருந்து அறிந்த ஒரு பாட்டின் அடியே விடையாக வந்தது. கருவியைப் பற்றிக் கேட்டிருந்தால் எண்களில் விடை சொல்லியிருப்பார். காட்சியைப் பற்றிக் கேட்டதால், இளமையில் கேட்ட மொழி முன்வந்தது. அம்மொழி அவரிடம் உயிரோடு இருந்ததால்தான் வந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

காட்சியிலிருந்து அறிவியலுக்குச் சென்ற ஒருவரையும் நினைத்துப் பார்ப்போம். இராமேசுவரத்தில் தொடக்கப்பள்ளி மாணவராக இருந்தபோது, பறவை எவ்வாறு பறக்கிறது என்பதை ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் விளக்கியதையும், பிறகு கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டியதையும் அப்துல் கலாம் பல மேடைகளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். விமானியாக விரும்பி வான்படைத் தேர்வுக்குச் சென்ற கலாம் ஒன்பதாவதாக வந்தார், இடங்கள் எட்டே. அவ்வாசை ஏவுகலப் பொறியியலாக மாறியது. குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2006 ஜூன் 8ஆம் நாள், தம் 74ஆம் வயதில், புனேயில் சுகோய் 30 போர்விமானத்தில் ஏறிப் பறந்தார். அந்த நெடிய ஈடுபாட்டின் தொடக்கம், தமிழ் மண்ணின் கடற்கரையில் ஓர் ஆசிரியர் நடத்திய ஒரு பாடம். அவர் முதலில் பறவையைக் காட்டினார். சொற்கள் பின்னே வந்தன. நானோ முதலில் பட்டியலைக் கொடுத்தேன்.

தமிழ்வழியில் கற்று, சந்திரயான் 1 திட்டத்தின் இயக்குநராக உயர்ந்த மயில்சாமி அண்ணாதுரை, தம் பட்டறிவைத் தமிழிலேயே 'கையருகே நிலா' என்னும் நூலாக எழுதினார். மேலே சென்றவரும் மேலே அனுப்பியவரும் தமிழில் எழுதினால் சொற்கள் தாமே நிலைபெறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நம் நாட்டில் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தது. 2012 முதல் அது படிப்படியாக விலக்கிக்கொள்ளப்பட்டது. பின்னர் 2016இல் இருமொழிப் பாடத்திட்டம் தொடங்கியபோது அதே விவாதம் மீண்டும் எழுந்தது. பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆங்கிலம் இல்லாமல் விமானியாக முடியாது. ஆனால் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை முகிலைப் பார்த்து, 'அப்புறம் தெரியல' என்று தமிழில் நிறுத்திக்கொள்கிறான் என்றால், அவன் இழப்பது ஒரு பாடத்தின் பயிற்றுமொழியை மட்டுமன்று. பாட்டியிடமும் தாயிடமும் தன் வியப்பைப் பகிர்ந்துகொள்ளும் வழியையே இழக்கிறான். வியப்பைச் சொல்ல முடியாத மொழி, சடங்குக்கும் வாழ்த்துக்கும் மட்டுமே எஞ்சும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஓர் எளிய பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். வானிலிருந்தோ விண்வெளியிலிருந்தோ எடுத்த ஒரு படத்தை வகுப்பில் காட்டுங்கள். முதலில் எந்தக் கலைச்சொல்லும் தர வேண்டாம். என்ன தெரிகிறது, எதைப் போல இருக்கிறது என்று கேளுங்கள். மாணவர் தம் சொற்களில் ஐந்து வரி எழுதட்டும். சொல் இல்லாமல் அவர்கள் தடுமாறும் இடத்தில், தேவையான அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுங்கள்.

அவ்வாறு கொடுக்கும் சொல் அறிவியலையும் உடன் கொண்டுவரும். நான் தோட்டப்புறத்தில் சிறுவனாக இருந்தபோது, உயரத்தில் செல்லும் வானூர்தி விட்டுச்செல்லும் வெண்கோட்டைக் கண்டால், 'ரோக்கெட் புகை' என்று கூவுவோம். அது புகை அன்று. எந்திரத்திலிருந்து வெளியேறும் நீராவி, ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரில் உறைந்து நுண்ணிய பனித்துகள்களாகிறது. அதைப் 'பனித்தடம்' என்று சொல்லிக்கொடுத்தால், பெயரிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். காற்று உலர்ந்திருந்தால் அத்தடம் விரைவில் மறையும். ஈரம் மிகுந்திருந்தால் நெடுநேரம் நீடித்துப் பரவும்.

முகிலுக்கும் அவ்வாறே. கீற்றுமுகில், படைமுகில், திரள்முகில் என்று வடிவத்தைக் கொண்டு பாடநூல்கள் பிரிக்கின்றன. விமானிகள் விலகிச்செல்லும் இடிமுகிலைக் கார்திரள் முகில் என்கிறோம். நீரைக் கொண்டு வருவது 'கொண்டல்'. மலைமேல் தவழ்வது 'மஞ்சு'. கதிரவனையோ நிலவையோ சுற்றித் தோன்றும் ஒளிவட்டத்துக்குப் 'பரிவேடம்', 'ஊர்கோள்' என்னும் பழஞ்சொற்கள் உண்டு. முகிலின்மேல் விழும் வானூர்தி நிழலைச் சுற்றித் தோன்றும் வண்ண வளையம், தோன்றும் முறையில் அதனின்றும் வேறானது. முகிலின் நுண்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் உண்டாவது. எனவே அதை 'நிழற்பரிவேடம்' எனலாம் என்பது என் கருத்து. இதைவிட நல்ல சொல்லை உங்கள் மாணவர் ஒருவர் கண்டுபிடித்தால், என்னைவிட மகிழ்பவர் எவரும் இருக்க முடியாது.

தமிழ் விமானிகளுக்கும், வானூர்திப் பொறியாளர்களுக்கும், பணிப்பெண்களுக்கும் இந்த அவையின் வழியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் எடுக்கும் படங்களை உங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறீர்கள். அவற்றின் கீழ் இரண்டு வரி தமிழில் எழுதுங்கள். தூய தமிழாக இருக்க வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். பேச்சுத்தமிழாக இருந்தாலும் போதும். அகராதியில் இருக்கும் ஆயிரம் சொல்லைவிட, கண்டவர் அன்போடு எழுதிய ஒரு சொல் பிள்ளையின் மனத்தில் ஆழமாகப் பதியும்.

அந்த மாணவனை இரண்டு வாரம் கழித்து மீண்டும் வரச்சொன்னேன். இம்முறை தாளும் எழுதுகோலும் என்னிடம் இல்லை. அதே விடியற்காலைப் படத்தை எடுக்கச் சொல்லி, "இந்த வெள்ளைக் குவியல் எதைப் போல இருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். உடனே சொன்னான்: "பொங்கல் அன்னிக்குப் பால் பொங்கி, பானை வாய் வரைக்கும் நுரை வந்து நிக்கும்ல, ஐயா, அந்த மாதிரி." அதற்குப் பெயர் திரள்முகில் என்றேன். அன்று நான் கொடுத்தது அந்த ஒரு சொல்தான். பொங்கல் நுரையையும் திரள்முகிலையும் சேர்த்து அவனே தட்டெழுதி மாமாவுக்கு அனுப்பினான்.

மறுநாள் விடை வந்ததாக என்னிடம் காட்டினான். அவர் எழுதியிருந்தது தமிழில்: "நுரை மாதிரிதான் தெரியும். ஆனா உள்ளே போனா ரொம்பக் குலுக்கும். அதனாலதான் சுத்திப் போவோம்." திரள்முகிலுக்குள் காற்று மேலும் கீழும் விரைந்து பாய்வதால் ஊர்தி குலுங்குகிறது என்பது அறிவியல். அதை நானும் கற்பிக்கவில்லை, பாடநூலும் கற்பிக்கவில்லை. மாமனும் மருமகனும் தமிழில் பேசிக்கொண்டபோது அது தானே வந்து சேர்ந்தது. அடுத்து, ஏன் குலுக்கும் என்று கேட்டு எழுதப் போவதாகச் சொல்லிவிட்டுச் சென்றான்.